‘ஷல்’ என்ற சொல்லுக்கு ஒரு வக்காலத்து

ஆங்கிலத்தில் சட்டம் இயற்றும் தேசங்களில் சென்ற நாற்பது ஆண்டுகளாக ஒரு வினைச்சொல்லின் மீது விசாரணை நடந்து வருகிறது. விசாரணை என்பதுகூட ஓர் உபசார வார்த்தைதான். ஏனெனில், பிரதிவாதியின் தரப்பைக் கேட்பதற்கு முன்பே தீர்ப்பு எழுதப்பட்டு, பல தேசங்களில் தண்டனையும் நிறைவேற்றப்பட்டுவிட்டது. ‘ஷல்’ என்பது அந்தச் சொல். ஆஸ்திரேலியாவின் சட்ட வரைவாளர்கள் அதை ஒதுக்கிவிட்டு ‘மஸ்ட்’ என்று எழுதுகிறார்கள், 1993-ஆம் ஆண்டின் இடைக்கால அரசியல் சாசனத்தில் அச்சொல்லைத் தாராளமாகக் கையாண்ட தென்னாப்பிரிக்கா, 1996-ஆம் ஆண்டின் நிரந்தர சாசனத்தில் அதன் இடத்தில் ‘மஸ்ட்’டை அமர்த்திவிட்டது, அமெரிக்க சமஷ்டி நீதிமன்றங்களுக்குரிய சிவில் நடைமுறை விதிகள் 2007-ஆம் ஆண்டில் புதிய நடையில் திருத்தி எழுதப்பட்டபோது, பழைய வாசகத்தில் எங்கும் நிறைந்திருந்த ‘ஷல்’ தேடித் தேடிக் களையப்பட்டது, பிரிட்டிஷ் பார்லிமெண்டுக்கு மசோதாக்களை எழுதித் தரும் அலுவலகமும் அதைக் கூடியவரை தவிர்ப்பதையே தன் கொள்கையாகக் கொண்டிருக்கிறது. நம் நாட்டிலும், சட்டம் எழுதும் கலையைக் கற்பிப்போர் சிலர் அதே பல்லவியைப் பாடத் தொடங்கியிருக்கின்றனர்.

இந்தக் கட்சியைச் சேர்ந்தவர்கள் சாமானியர் அல்லர். அமெரிக்கச் சட்டநடை ஆசிரியர்களான ஜோசப் கிம்பிள், பிரயன் கார்னர் போன்றோர் சட்டத்தைச் சாதாரண மனிதனுக்கு விளங்கும்படி எழுதவேண்டும் என்ற உயரிய நோக்கத்துக்காகப் பல ஆண்டுகள் உழைத்தவர்கள். அந்த நோக்கத்தோடு எனக்கு யாதொரு விரோதமும் இல்லை. அவர்களும் அவர்களைப் பின்பற்றுவோரும் சொல்வதை, அதன் பலம் குன்றாமல் தொகுத்துரைத்தால், ‘ஷல்’ மீது நான்கு குற்றச்சாட்டுகள் தேறும். அது வழக்கொழிந்த சொல், வீதியில் யாரும் பேசுவதில்லை என்பது முதலாவது. அது பல பொருள் தந்து மயக்குவது என்பது இரண்டாவது. அதைக் கண்டும் நீதிபதிகள் கட்டுப்படாமல், கட்டாயத்தைக் குறிக்கும் அச்சொல்லை ‘செய்தாலும் செய்யலாம்’ என்று படித்துவிடுகிறார்கள் என்பது மூன்றாவது. ‘மஸ்ட்’ என்ற சொல்லோ ஐயத்துக்கு இடமற்றது. ஆகவே ஒன்றை நீக்கி மற்றொன்றை வைத்தால் வியாதி தீர்ந்துவிடும் என்பது நான்காவது. இந்நான்கில் ஒன்றேனும் அச்சொல்லின் மீது சாரும் குற்றம் அன்று என்பதும், சொல்லைத் தண்டிப்பதால் உண்மைக் குற்றவாளி தப்பிப்போகிறான் என்பதுமே என் வாதம்.

முதற் குற்றச்சாட்டுக்கு விடை சொல்ல, அச்சொல்லின் பிறப்பைச் சற்றே நோக்குதல் அவசியம். பழைய ஆங்கிலத்தில் அதன் மூலச்சொல் ‘கடன்பட்டிருக்கிறேன்’ என்னும் பொருளது. கடனையும் குற்றத்தையும் ஒருங்கே குறிக்கும் ‘ஷுல்ட்’ என்ற ஜெர்மானியச் சொல்லும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. ஒருவன் மற்றொருவனுக்கு ஒன்றைச் செலுத்தக் கடமைப்பட்டிருக்கிறான் என்பதே ஆதிப் பொருளாகவும், செலுத்தவேண்டியது இனிமேல்தான் செலுத்தப்படும் ஆதலால் எதிர்காலப் பொருள் அதிலிருந்து கிளைத்ததாகவும் இருக்க, பிற்காலத்து இலக்கண ஆசிரியர்கள் மரத்தை விட்டுக் கிளையைப் பிடித்துக்கொண்டார்கள். ஆக்ஸ்போர்டில் கணிதப் பேராசிரியராக இருந்த ஜான் வாலிஸ், 1653-ஆம் ஆண்டில், ஆங்கிலம் கற்கும் அந்நியர்களுக்காக லத்தீன் மொழியில் எழுதிய இலக்கணத்தில் ஒரு விதி வகுத்தார்: தன்மையில் ‘ஷல்’ வெறும் எதிர்காலம், ‘வில்’ உறுதிமொழி, முன்னிலையிலும் படர்க்கையிலும் இது தலைகீழ். இவ்விதி 1795-ஆம் ஆண்டில் வெளியான லிண்ட்லி மரேயின் பாடநூல் முதலியவற்றால் பள்ளிக்கூடங்களில் பரவி, ரென்–மார்ட்டின் இலக்கணத்தின் வாயிலாக நம் நாட்டு மாணவர்களையும் வந்து சேர்ந்தது. அதை மனப்பாடம் செய்யாமல் ஆங்கிலத் தேர்வு எழுதியவர் நம் முன்னோரில் அரியர்.

விதி பரவியதேயன்றிப் பேச்சு அதற்குக் கட்டுப்பட்டதில்லை. தென் இங்கிலாந்தில் பிறந்தோருக்கு இயல்பாகக் கைவரும் இப்பிரயோகம் பிறருக்கு எளிதில் வசப்படாது என்று 1906-ஆம் ஆண்டில், ஆங்கில நடைக்கு நூல் எழுதிய ஃபௌலர் சகோதரர்களே எழுதிவிட்டுப் பிறகு பக்கம் பக்கமாக அதை விளக்க முற்பட்டார்கள். 1925-ஆம் ஆண்டில் சார்லஸ் ஃப்ரைஸ் என்ற அமெரிக்க மொழியறிஞர் ஆங்கில, அமெரிக்க நாடகங்களின் உரையாடல்களை ஆராய்ந்து, வாலிஸ் விதி எந்தக் காலத்திலும் உண்மை வழக்கை முழுதும் பிரதிபலிக்கவில்லை என்று காட்டினார். அதற்குப் பின்னும் ஐயம் இருந்திருக்குமானால் யுத்தகாலம் அதைத் தீர்த்துவைத்திருக்கவேண்டும். 1940-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் காமன்ஸ் சபையில் சர்ச்சில் கடற்கரையிலும் வீதியிலும் போரிடுவோம் என்று முழங்கியதும், 1942-ஆம் ஆண்டில் பிலிப்பைன்ஸை விட்டு ஆஸ்திரேலியா சேர்ந்த அமெரிக்கத் தளபதி மக்கார்தர் திரும்பி வருவேன் என்று சொன்னதும் தன்மையில் வந்த ‘ஷல்’லே, விதிப்படி பார்த்தால் இரண்டும் வெறும் ஆரூடங்கள். கேட்ட ஜனங்களோ அவற்றைச் சபதமாகக் கேட்டார்கள். காலத்துக்கு ஒவ்வாதது பள்ளி ஆசிரியரின் விதியேயன்றிச் சொல் அன்று. அதன் பழைய பொருளான கடப்பாடு, மக்களின் காதில் அழியாமல் இருந்துவருகிறது.

சொல் அன்றாடப் பேச்சில் அருகிவிட்டது என்பது மெய்தான். ஆயினும் அது சட்டத்துக்கு நஷ்டமாகாமல் லாபமாகவே முடியும். பல பொருளில் எல்லோர் வாயிலும் புரளும் சொல்லைக் காட்டிலும், ஒரு காரியத்துக்கென்று ஒதுங்கி நிற்கும் சொல்லே அந்தக் காரியத்துக்குத் தகுதி உடையது. ஒப்பந்தத்திலோ சட்டத்திலோ ‘ஷல்’லைக் காணும் சாதாரண வாசகன், இங்கே யாரோ எதற்கோ கட்டுப்படுத்தப்படுகிறார் என்று உடனே உணர்ந்துகொள்கிறான், அந்த உணர்வை விளைவிக்க ஒரு சொல் இருக்கும்போது, அதை வீதியில் பேசவில்லை என்பதற்காகத் துரத்துவது விநோதமான நியாயம்.

இனி, பல பொருள் தருவது என்ற இரண்டாவது குற்றச்சாட்டு. இதில் உள்ள உண்மையை நான் மறுக்கவில்லை. ‘இச்சொல் இன்ன பொருளைக் குறிக்கும்’ என்று இலக்கணம் கூறும் இடத்திலும், ‘இன்னார் இன்னதற்கு உரிமை உடையவர்’ என்று உரிமை வழங்கும் இடத்திலும், ‘எவனேனும் திருடினால்’ என்று நிபந்தனை சொல்லும் இடத்திலும் கூட ஆங்கிலச் சட்ட எழுத்தாளர்கள் ‘ஷல்’லைத் தூவியிருக்கிறார்கள். இவ்விடங்களில் எவர் மீதும் கடமை ஏதும் சுமத்தப்படவில்லை. சொல்லின் கம்பீரத்தை விரும்பி அதை உப்பு போடுவதுபோல் போட்டிருக்கிறார்கள். ஆனால் இந்தக் கண்டனம் சொல்லைப் பற்றியதா, எழுதியவனைப் பற்றியதா? 1840-களிலேயே ஜார்ஜ் கூட் என்ற ஆங்கில பாரிஸ்டர், சட்ட வாக்கியத்தின் அமைப்பைப் பகுத்து ஆராய்ந்து, ‘ஷல்’ எதிர்காலத்தைக் குறிக்க அன்று, சட்டத்தின் கர்த்தாவாகிய மனிதன் மீது கடமையைச் சுமத்தவே வந்தது என்றும், வேறிடங்களில் அதைப் பெய்வது பிழை என்றும் எழுதிவைத்தார். நோயைக் கண்டவரும் மருந்தைச் சொன்னவரும் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் புத்தக அலமாரியில் காத்திருக்க, மருந்தை உண்ணாத குற்றம் சொல்லின் தலையில் விழுகிறது.

எதிர்க்கட்சியின் சாட்சிகளே இதற்குச் சாட்சி. கிம்பிள் 1992-ஆம் ஆண்டில் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் தலைப்பு, அச்சொல்லின் பல தவறான பிரயோகங்களைப் பற்றியது என்றே அறிவிக்கிறது. 1995-ஆம் ஆண்டில் ஒரு வழக்கில், ‘ஷல்’ சில சமயம் வேறு பொருள்களிலும் வருவதுண்டு என்று சுட்டிக்காட்டிய அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி கின்ஸ்பர்க், அப்படி வருவது சட்ட எழுத்தாளர்களின் பிரயோகம் என்று சொன்னதோடு நில்லாமல், துஷ்பிரயோகம் என்றும் சேர்த்தே எழுதினார். பொதுவாக அச்சொல் கட்டாயத்தையே குறிக்கும் என்பதையும் அதே வாக்கியத்தின் முற்பாதியில் ஒப்புக்கொண்டார். அந்தப் பிற்பாதியை மட்டும் மேற்கோளாக எடுத்துக்கொண்டு முற்பாதியை விட்டுவிடுகிறவர்கள், ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையைத்தான் நமக்கு நினைவூட்டுகிறார்கள்.

மூன்றாவது குற்றச்சாட்டே எல்லாவற்றிலும் கனமானது. நம் நாட்டு வக்கீல்கள் அதை நன்கு அறிவர். 1957-ஆம் ஆண்டில் மன்போதன் லால் வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் அரசியல் சாசனத்தின் 320-ஆம் ஷரத்தைப் பரிசீலித்தது. அரசாங்க ஊழியர் மீதான ஒழுங்கு நடவடிக்கையில் பப்ளிக் சர்வீஸ் கமிஷனைக் கலந்தாலோசிக்கவேண்டும் என்று அந்த ஷரத்து ‘ஷல்’ போட்டுச் சொல்கிறது. ஆலோசிக்காமல் எடுத்த நடவடிக்கை செல்லுமா என்ற கேள்விக்குச் செல்லும் என்றே நீதிமன்றம் விடையளித்தது. அந்த வாசகம் கட்டாயமானதன்று, வழிகாட்டும் தன்மையதே என்றது. 1960-ஆம் ஆண்டில் பாபு ராம் உபாத்யாயா வழக்கில் நீதிபதி சுப்பா ராவ் கொள்கையைத் தெளிவுபடுத்தினார்: ‘ஷல்’லைக் கண்டால் முதற்பார்வையில் கட்டாயம் என்றே கொள்ளவேண்டும், ஆயினும் சட்டத்தின் நோக்கம், அமைப்பு, விளைவுகள் முதலியவற்றைக் கொண்டு சட்டசபையின் உண்மைக் கருத்தை நீதிமன்றம் ஆராயலாம். ‘பார்த்தீர்களா, நீதிபதிகளே அச்சொல்லை நம்பவில்லை!’ என்று நம் எதிர்க்கட்சியார் கை தட்டுவது இவ்விடத்தில்தான்.

கை தட்டுமுன் அந்தத் தீர்ப்புகளில் நீதிபதிகள் காட்டிய காரணங்களைப் படித்திருக்கவேண்டும். மன்போதன் லால் வழக்கில் காரணங்கள் யாவை? கமிஷனின் ஆலோசனை சர்க்காரைக் கட்டுப்படுத்துவதன்று என்பதும், சில விஷயங்களில் கமிஷனைக் கேட்கவேண்டியதில்லை என்று விதி செய்துகொள்ள அதே ஷரத்து இடம் கொடுத்திருந்தது என்பதும், கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பற்றி ஷரத்து வாய் திறக்கவில்லை என்பதுமே. இவற்றில் எந்தக் காரணமாவது ‘ஷல்’ என்ற ஓசையைப் பற்றியதா? ‘மஸ்ட்’ என்று எழுதியிருந்தாலும் இம்மூன்றும் ஒன்றும் குறையாமல் அப்படியே நின்றிருக்கும். கடமை உண்டா என்பது ஒரு கேள்வி. கடமை தவறினால் செய்த காரியம் செல்லாமற்போகுமா என்பது வேறொரு கேள்வி. முதற் கேள்விக்குச் சொல் விடை சொல்லிவிட்டது. இரண்டாவதற்குச் சட்டம் எழுதியவர் விடை சொல்லவில்லை. விட்ட இடத்தை நீதிபதி நிரப்பினார். நிரப்பும்போது, இரண்டு கேள்விகளையும் ஒன்றாகக் குழைத்து ‘கட்டாயம்’, ‘வழிகாட்டு’ என்று பெயரிட்டதால், பழி சொல்லின் மீது விழுந்துவிட்டது.

இதற்கு நம் சிவில் நடைமுறைச் சட்டத்தையே பரிசோதனைச் சாலையாகக் கொள்ளலாம். பிரதிவாதி முப்பது நாளில் எதிருரை தாக்கல் செய்யவேண்டும்; நீதிமன்றம் காலம் நீட்டித்தாலும் அது தொண்ணூறு நாளைத் தாண்டக்கூடாது என்று எட்டாம் கட்டளையின் முதல் விதி, ‘ஷல்’ போட்டு, 2002-ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின் சொல்லிற்று. 2005-ஆம் ஆண்டில் கைலாஷ் வழக்கிலும், அதே ஆண்டு நம் சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கிலும் உச்ச நீதிமன்றம் அதை வழிகாட்டு விதி என்றே கொண்டது. தாமதித்தால் விளையும் பயன் என்னவென்று விதி சொல்லவில்லை என்பது அதற்கான காரணங்களுள் ஒன்று. பின்னர் 2015-ஆம் ஆண்டின் வர்த்தக நீதிமன்றச் சட்டத்தில் அதே விதியை வர்த்தக வழக்குகளுக்காகத் திருத்தியபோது, 120 நாள் கடந்தால் பிரதிவாதி எதிருரை தாக்கல் செய்யும் உரிமையை இழப்பார் என்றும், நீதிமன்றம் அதை ஏற்கக்கூடாது என்றும் சேர்த்து எழுதினார்கள். அங்கேயும் சொல் ‘ஷல்’தான். 2019-ஆம் ஆண்டில் அதே உச்ச நீதிமன்றம், இதில் தளர்வுக்கு இடமே இல்லை என்று தீர்த்துவிட்டது. வினைச்சொல் மாறவில்லை; பயன் எழுதப்பட்டது; தீர்ப்பு மாறிற்று. நோய் எங்கே இருந்தது என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமோ?

கடமையையும் அதன் விளைவையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த நீதிமன்றம் ‘ஷல்’லோடு எவ்வளவு கண்ணியமாக நடந்துகொள்ளும் என்பதைக் கனடாவில் காணலாம். அந்நாட்டின் மனிடோபா மாகாணத்தை அமைத்த 1870-ஆம் ஆண்டின் சட்டம், சட்டசபை விவாதத்தில் ஆங்கிலத்தையோ பிரெஞ்சையோ பேசலாம் என்பதற்கு ‘மே’யையும், சட்டங்களை இரண்டு மொழிகளிலும் அச்சிடவேண்டும் என்பதற்கு ‘ஷல்’லையும் கொண்டிருந்தது. 1890-ஆம் ஆண்டில் அம்மாகாணம் ஆங்கிலம் ஒன்றே போதும் என்று தீர்மானித்து, ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு அப்படியே சட்டங்களை இயற்றிவந்தது. 1985-ஆம் ஆண்டில் கனடா உச்ச நீதிமன்றத்தின் முன் இப்பிரச்சினை வந்தபோது, அச்சொல் வெறும் வழிகாட்டுதலே என்ற வாதம் அங்கேயும் எழுப்பப்பட்டது. மாகாணத்தின் சட்டங்கள் அனைத்தும் செல்லாமற்போனால் அராஜகம் விளையுமே என்ற பயம் அதன் பின்னால் நின்றது. நீதிமன்றம் அந்தப் பயத்துக்காகச் சொல்லை வளைக்கவில்லை. ‘ஷல்’ என்றால் கட்டாயமே. ஆகவே ஆங்கிலத்தில் மட்டும் இயற்றிய சட்டங்கள் செல்லாதவையே என்று அறுதியிட்டுச் சொல்லிவிட்டு, மொழிபெயர்த்து மீண்டும் இயற்றுவதற்கு வேண்டிய குறைந்தபட்ச காலம் வரையில் அவை செல்லும் எனக் கொள்ளுமாறு தனியே கட்டளையிட்டது. கடமையின் மேல் கை வைக்காமல் விளைவை மட்டும் சமாளித்த அந்தத் தீர்ப்பு, சொல்லைத் தள்ளாமல் நியாயம் வழங்கலாம் என்பதற்கு நிலையான பிரமாணம். கனடாவின் பொருள்கோள் சட்டம் ‘ஷல்’ கட்டாயம், ‘மே’ அனுமதி என்று ஒரே வரியில் விதித்திருக்கிறது என்பதையும் இங்கே குறிப்பிடவேண்டும். சொல்லில் மயக்கம் இருப்பதாகத் தோன்றினால், அகராதியிலிருந்து அதை அகற்றுவதைவிட அகராதியை எழுதிவைப்பது சுலபம் அன்றோ?

இனி ‘மஸ்ட்’டின் மகிமையைப் பற்றிய நான்காவது வாதம். ஆஸ்திரேலியாவின் ஒலிபரப்புச் சட்டம் 1992-ஆம் ஆண்டினது. அதில், ஒலிபரப்பு அதிகார சபை தன் பணிகளைச் சர்வதேச உடன்படிக்கைகளுக்கு இசைய நடத்தவேண்டும் என்று சொல்லும் பிரிவில் ‘ஷல்’ இல்லை. நவீன பாணியில் வேறொரு தொடரே இருந்தது. ஆயினும் நியூஸிலாந்து நிகழ்ச்சித் தயாரிப்பாளர்கள் ஒரு வழக்கைக் கொண்டுவந்தபோது, பழைய கேள்வி ஒரு துளியும் மாறாமல் எழுந்தது: அதிகார சபை இப்பிரிவை மீறிச் செய்த விதி செல்லுமா, செல்லாதா? 1998-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம், மீறியது சட்டவிரோதம், ஆனால் செய்த விதி அதனால் மட்டும் செல்லாததாகிவிடாது என்று தீர்ப்பளித்தது. கட்டாயம், வழிகாட்டு என்ற பிரிவினையே பயனற்றது, மீறினால் செல்லாமற்போகவேண்டும் என்று சட்டசபை நினைத்ததா என்று கேட்பதே முறை என்றும் அது விளக்கியது. 2005-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபையும் இதே வழிக்கு வந்தது. ‘ஷல்’லைத் துரத்திய தேசத்திலும் அந்தப் பிசாசு அகலவில்லை, ஏனெனில் அது அந்தச் சொல்லில் குடியிருக்கவில்லை.

அன்றியும், ‘மஸ்ட்’ ஒரே பொருளை உடையது என்பதே ஒரு கட்டுக்கதை. அது கடமையையும் குறிக்கிறது, தகுதி நிபந்தனையையும் குறிக்கிறது: ‘அபேட்சகர் விண்ணப்பத்தில் கையெழுத்திடவேண்டும்’ என்பது கடமை, ‘அபேட்சகர் இருபத்தைந்து வயது நிரம்பியவராக இருக்கவேண்டும்’ என்பது நிபந்தனை, இருபத்தைந்து வயது ஆகித் தொலைய எவனுக்கும் கடமை இல்லை. சீர்திருத்தக்காரர்கள் இரண்டுக்கும் ‘மஸ்ட்’டையே இடுகிறார்கள். அத்துடன், அச்சொல் ஊகத்தையும் குறிப்பது. கதவு பூட்டியிருப்பதைக் கண்டு, வீட்டார் வெளியே போயிருக்கவேண்டும் என்று சொல்கிறவன் பிரயோகிப்பதும் அதே ‘மஸ்ட்’தான். நம் அரசியல் சாசனத்தின் 52-ஆம் ஷரத்து இந்தியாவுக்கு ஒரு ஜனாதிபதி இருப்பார் என்று ‘ஷல்’ கொண்டு பிரகடனம் செய்கிறது. அங்கே ‘மஸ்ட்’டை வைத்துப் படித்தால், எங்கேயோ ஒரு ஜனாதிபதி இருக்கவேண்டும் போலும் என்று தேடுகிறவனுடைய பேச்சாகிவிடும். ‘இருக்கிறார்’ என்று நிகழ்காலத்தில் எழுதினால் போயிற்று என்பார்கள். இருப்பதைச் சொல்ல அது போதும், இல்லாத ஒன்றை ஏற்படுத்தும் சங்கற்பத்தைச் சொல்லப் போதாது. சந்தர்ப்பத்தின் நிர்ப்பந்தத்தைச் சொல்வது ‘மஸ்ட்’. விதிப்பவரின் சித்தத்தைச் சொல்வது ‘ஷல்’. ரயிலைப் பிடிக்கப் பொழுது விடியுமுன் எழுந்தாகவேண்டும் என்பது முன்னது; அந்த நிர்ப்பந்தத்தைக் கட்டளையிட்டவர் ஒருவரும் இல்லை. சட்டமோ இயற்கையின் நிர்ப்பந்தம் அன்று. ஒரு சபையின் கட்டளை. கட்டளைக்குக் கர்த்தா உண்டு என்பதை மறைக்காத சொல்லே சட்டத்துக்கு உரிய சொல்.

இதை வெறும் நுணுக்க வாதம் என்று தள்ளுவோர்க்கு, அமெரிக்காவின் சீர்திருத்தமே தந்த அநுபவம் ஒன்று உண்டு. விசாரணையின்றியே தீர்ப்பு வழங்குவது பற்றிய 56-ஆம் சிவில் விதியில், 2007-ஆம் ஆண்டில் ‘ஷல்’லை எடுத்துவிட்டு ‘ஷுட்’ என்று வைத்தார்கள். மூன்று ஆண்டுகளுக்குள், 2010-ஆம் ஆண்டில், அந்த ஒரு விதியில் ‘ஷல்’லை மீண்டும் கொண்டுவந்து அமர்த்தினார்கள்; அச்சொல்லை நீக்கியது சட்டத்தின் அளவுகோலையே மாற்றிவிடும் அபாயத்தை உண்டாக்கிற்று என்றும், வேறெந்தச் சொல்லை வைத்தாலும் நினையாத விளைவுகள் நேரும் என்றும் விதிக்குழுவே தன் குறிப்பில் காரணம் எழுதியது. பயனற்ற சொல் என்று பகிஷ்கரித்தவர்கள், வேறு சொல்லால் அந்த வேலையைச் செய்விக்க இயலாமல் திரும்ப அழைத்துக்கொண்ட வரலாறு இது.

கடைசியாக ஓர் ஆட்சேபம் மிச்சம். ‘போலீஸார் கைது செய்யவேண்டும்’ என்று ‘ஷல்’ போட்டு எழுதிய கொலராடோ மாகாணச் சட்டத்தை, 2005-ஆம் ஆண்டில் காஸில் ராக் நகரத்தின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கட்டாயமாகக் கொள்ளவில்லையே என்பார்கள். அந்தத் தீர்ப்பு எனக்கும் உவப்பானதன்று. ஆனால் அதன் அடிப்படை, போலீஸாருக்கு நெடுங்காலமாக உள்ள சுயேச்சை என்ற சம்பிரதாயம். எந்த வினைச்சொல்லை வைத்திருந்தாலும் அந்தச் சம்பிரதாயம் அங்கே காவல் நின்றிருக்கும். இதற்கு எதிராக நம் நாட்டைப் பாருங்கள். பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றத்தைப் பற்றித் தகவல் வந்தால் அதைப் பதிவு செய்யவேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 154-ஆம் பிரிவு ‘ஷல்’லால் விதித்திருந்தது, ஸ்டேஷன்களிலோ எஃப்.ஐ.ஆர். போடாமல் சி.எஸ்.ஆர். ரசீதைக் கையில் கொடுத்து மனுதாரரை அனுப்பிவிடும் வழக்கம் நம் மாகாணத்தார் அறியாததன்று. 2013-ஆம் ஆண்டு நவம்பரில், தலைமை நீதிபதி சதாசிவம் தலைமையில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, அந்த ‘ஷல்’ கட்டாயமே, தகவலில் அத்தகைய குற்றம் வெளிப்படுமானால் பதிவு செய்ய மறுக்கும் உரிமை போலீஸாருக்கு இல்லை என்று தீர்ப்பளித்தது. அங்கும் போலீஸார், இங்கும் போலீஸார். அங்கும் ‘ஷல்’, இங்கும் ‘ஷல்’. குடிமகனுக்கு அரசு எவ்வளவு கடன்பட்டிருக்கிறது என்பதில்தான் இரு நீதிமன்றங்களும் வேறுபட்டன. அந்த வேறுபாட்டைச் சொல்மாற்றத்தால் தீர்க்கமுடியாது.

நம் சாசனத்தின் 74-ஆம் ஷரத்தையும் இவ்விடத்தில் எண்ணிப்பார்க்கவேண்டும். மந்திரிசபை ஜனாதிபதிக்கு உதவியும் ஆலோசனையும் நல்கும் என்பதோடு முதலில் அது நின்றிருந்தது. அந்த ஆலோசனைக்கு அவர் கட்டுப்பட்டவரா என்ற கேள்வியை 1960-ஆம் ஆண்டு நவம்பரில் டில்லியில் ராஜேந்திர பிரசாத் பகிரங்கமாகவே எழுப்பினார். 1974-ஆம் ஆண்டில் ஏழு நீதிபதிகள் கட்டுப்பட்டவரே என்றனர். அதன் பின்னும், 1976-ஆம் ஆண்டின் 42-ஆவது திருத்தம், ஆலோசனைப்படியே அவர் நடக்கவேண்டும் என்று ‘ஷல்’லைச் சேர்த்து அக்கேள்விக்கு முற்றுப்புள்ளி வைத்தது. அவசரநிலைக் காலத்துத் திருத்தங்களில் பலவற்றை 1978-ஆம் ஆண்டில் மாற்றிய ஜனதா ஆட்சியும் இச்சொல்லைத் தொடவில்லை. மறுபரிசீலனை கோரலாம் என்பதற்கு ஒரு ‘மே’யையும், மறுபரிசீலித்து வந்த ஆலோசனைப்படி நடக்கவேண்டும் என்பதற்கு மற்றுமொரு ‘ஷல்’லையும் சேர்த்தது. பரம விரோதிகளான இரண்டு ஆட்சிகள் ஒருமித்து நம்பிய சொல்லைப் பொருளற்றது என்று எப்படிச் சொல்வது?

ஆகவே, சட்டம் எழுதுவோரிடம் நாம் கேட்கவேண்டியது வேறு. கடமை யாருடையது என்று ஒவ்வொரு வாக்கியத்திலும் பெயர் சொல்லி எழுதுங்கள், கடமை இல்லாத இடத்தில் ‘ஷல்’லை வையாதீர்கள், கடமை தவறினால் செய்த காரியம் செல்லுமா, செல்லாதா, தவறியவர் எதை இழப்பார் என்பதை அங்கேயே எழுதுங்கள். இம்மூன்றாவதை அவர்கள் எழுதாமல் விடுவது பெரும்பாலும் அறியாமையால் அன்று. அதிகாரிகளின் கடமைக்குப் பயன் எழுதினால் அதிகாரிகள் கட்டுண்டுபோவார்கள் என்ற தயக்கத்தால்தான். கட்டாயம்போல் தோன்றவும் வேண்டும், கட்டாமலும் இருக்கவேண்டும் என்ற அந்த இரட்டை விருப்பத்துக்கு எந்த வினைச்சொல்லும் இணங்கிப்போகும். இன்று ‘ஷல்’ இணங்குகிறது, நாளை ‘மஸ்ட்’ இணங்கும். சொல்லை மாற்றிவிட்டோம், சீர்திருத்தம் முடிந்தது என்று நம்மை நம்பவைப்பவர்கள், அறிந்தோ அறியாமலோ, அந்த விருப்பத்துக்கே உதவி செய்கிறார்கள். பயன் எழுதப்படாத கடமைகள் நம் சட்டப் புத்தகங்களில் எத்தனை உண்டோ, அவற்றுக்கெல்லாம் பயனை எழுதும்படி சட்டசபைகளைக் கேட்பதே உண்மையான சீர்திருத்தக்காரர் எடுத்துக்கொள்ளவேண்டிய வேலை.